நாட்டை கம்பெனி மாதிரி நடத்தணுமாம்

ஃபார்ம் சிக்ஸ், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு பிள்ளைங்களுக்கு பெங்காஜியான் அம்ங்கிற பொதுப் பாடம் படிச்சிக் குடுக்குற வேலை எனக்கு, மலேசியாவுல, பினாங்குலதான். பார்லிமெண்ட், அரசியலமைப்பு, மாமன்னரோட அதிகாரம், இதெல்லாம் முன்ன மனப்பாடம் பண்ணி எஸ்டிபிஎம் பரிட்சையில எழுதிட்டு மறந்துடுவாங்க. இப்ப கொஞ்ச வருஷமா வகுப்புல எதிர்த்து பேசுறாங்க, அதுவும் நல்லா படிக்கிற பிள்ளைங்கதான் பேசுறாங்க. "வோட்டு போட்டு என்னா ஆச்சி டீச்சர், நாட்ட ஒரு நல்ல சிஇஓ கையில குடுத்தா எல்லாம் சரியாயிடும், சிங்கப்பூர பாருங்க." எதிர்த்து பேசுறது எனக்கு பிடிக்கும், ஆனா இந்தப் பேச்சு இவங்க மண்டையில தானா முளைச்சது இல்ல, ஃபோன்ல ஒரு நிமிஷ வீடியோவா வர்றது. அதனால இது எங்க இருந்து வருதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

கர்ட்டிஸ் யார்வின்னு ஒரு அமெரிக்க ப்ரோக்ராமர், 2007ல மென்சியஸ் மோல்ட்பக்ங்கிற புனைபேர்ல எழுத ஆரம்பிச்சாரு. அரசாங்கம்னா ஷேர் கம்பெனி மாதிரி இருக்கணும், பங்குதாரருங்க சிஇஓவ வைப்பாங்க எடுப்பாங்க, மக்கள் கஸ்டமர் மாதிரி, கஸ்டமருக்கு வோட்டு எதுக்கு, பிடிக்கலன்னா வேற நாட்டுக்கு போயிட்டா போச்சு, இதான் அவர் சொல்றது. அதுக்கு முன்னாடியே 2001ல ஹான்ஸ் ஹெர்மன் ஹோப்பெங்கிற பொருளாதார அறிஞர் ஜனநாயகத்தவிட மன்னராட்சி எவ்வளவோ மேல்னு புஸ்தகம் போட்டாரு. பேபால் (PayPal) கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பீட்டர் தீல், சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும்னு நான் இனிமே நம்பலன்னு 2009ல எழுதினாரு. எல்லாரையும் ஒரே சாக்குல போட்டு ஃபாசிஸ்ட்னு முத்திரை குத்த எனக்கு விருப்பம் இல்ல. விவரம் தெரிஞ்சவங்க வோட்டுக்கு எடை கூட குடுக்கலாமேன்னு 2016ல எழுதின தத்துவப் பேராசிரியர் ஜேசன் பிரென்னன் மாதிரி ஆளுங்க வேற ரகம், அவர் நிஜமாவே ஒரு கேள்வி கேக்குறாரு, எனக்கு பதில் பிடிக்கலன்னாலும் உக்காந்து பேசலாம். ஆனா யார்வின் பேச்சுல அந்த "பிடிக்கலன்னா போயிடு" இருக்கே, அத படிச்சப்ப எனக்கு உடம்பு சுருக்குன்னுச்சு. இந்த நாட்டுல பொறந்து வளர்ந்த தமிழருக்கு அந்த வார்த்தைய யாரும் புதுசா அர்த்தம் சொல்லிக் குடுக்க வேணாம்.

கம்பெனி நடத்துற நாடு எப்படி இருக்கும்னு பாக்க எதிர்காலத்துக்கு போக வேண்டியது இல்ல, நாங்க நிக்கிற தீவே சாட்சி. 1786ல ஃபிரான்சிஸ் லைட் இங்க வந்து இறங்குனது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. 1858 வரைக்கும் இங்க ஆட்சி பண்ணது பங்குதாரருங்க வச்சிருந்த ஒரு கம்பெனி. அப்புறம் தோட்டம். லண்டன்ல ஷேர் வித்து இங்க ரப்பர் நட்டாங்க, தொரைதான், அதாவது வெள்ளக்கார மேனேஜர்தான் அங்க சிஇஓ, அவருக்கு கீழ கணக்கு எழுதுற கிராணி, அவருக்கு கீழ ஆளுங்கள மேய்க்கிற தண்டல், தொழிலாளிங்க இருந்த லயத்து வீடு கம்பெனியோடது, பள்ளிக்கூடம் கம்பெனியோடது, கள்ளுக்கடையும் கம்பெனி எல்லைக்குள்ளதான். லாபம் வரலயா, கூலி குறையும். பங்குதாரர் ஒருத்தர் கூட அந்த லயத்துல ஒரு ராத்திரி படுத்திருக்க மாட்டாரு. 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணப்ப வச்ச கோரிக்கையில கூலியோட சேத்து இன்னொன்னும் இருந்துச்சு, தொரை எதிர்ல வந்தா சைக்கிள விட்டு இறங்கி நிக்க மாட்டோம்னு. இத வகுப்புல சொல்லும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். அரசாங்கம் ராணுவத்த கொண்டாந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல தொழிலாளிங்க செத்தாங்க, முன்ன நின்ன ஆர்.எச். நாதன பிடிச்சு இந்தியாவுக்கு கப்பல் ஏத்துனாங்க. போறதா இருக்குறதான்னு முடிவு பண்ற சுதந்திரம் கஸ்டமருக்கு இருக்குன்னு எழுதுறவங்க நாதன் கதைய படிக்கணும்.

"அது வெள்ளக்காரன் காலம் டீச்சர், நம்மாளு ஒருத்தன் சிஇஓவா இருந்தா?" இந்தக் கேள்வியும் வரும், நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேப்பேன், அவன் தப்பு பண்ணா யாரு எடுப்பா? போர்டு எடுக்கும்பாங்க. போர்டுல யாரு? பங்கு வச்சிருக்கறவங்க. பங்கு உங்க அம்மாகிட்ட இருக்கா? அங்க பேச்சு நின்னுடும். இன்னொன்னும் சொல்லுவேன், சிங்கப்பூர்ல வோட்டு போடுறது கட்டாயம், அந்த ஊர முன்மாதிரியா காட்டுறவங்க இத மட்டும் சொல்ல மாட்டாங்க.

இதோட விட்டுட முடியாது, ஏன்னா இதுக்கெல்லாம் பாட்டன் ஒருத்தரு இருக்காரு, கார்ல் ஷ்மிட், ஜெர்மனி சட்டப் பேராசிரியர், நாட்ட அரிச்ச கரையான்னுதான் நான் அவர சொல்லுவேன். அவசரநிலை வந்துடுச்சுன்னு முடிவு பண்றவன் எவனோ அவன்தான் நாட்டோட உண்மையான ஆட்சியாளன்னு 1922ல எழுதுனாரு. 1933 பிப்ரவரி 28 அன்னிக்கு, ஜெர்மனி பார்லிமெண்ட் கட்டடம் எரிஞ்ச மறுநாள், தனிமனித உரிமைய நிறுத்தி வைக்கிற ஆணை வந்துச்சு, அது 1945 வரைக்கும் நீக்கப்படவே இல்ல. மார்ச்ல வந்த சட்டம் ஹிட்லர் அமைச்சரவையே பார்லிமெண்ட் இல்லாம சட்டம் போடலாம்னு சொன்னுச்சு, நாலு வருஷத்துக்குத்தான்னு போட்டிருந்துச்சு, திரும்பத் திரும்ப நீட்டிச்சாங்க. எதிர்த்து வோட்டு போட்டது சோஷியல் டெமக்ராட்டுங்க 94 பேர், கம்யூனிஸ்டுங்கள உள்ளயே விடல. ஷ்மிட் அந்த மே மாசம் நாஜிக் கட்சியில சேந்தாரு, அடுத்த வருஷம் ஹிட்லர் தன் சொந்த ஆளுங்களயே சுட்டுக் கொன்னப்ப தலைவர்தான் சட்டத்த காப்பாத்துறாருன்னு கட்டுரை எழுதுனாரு. அவ்வளவு படிச்ச மனுஷன்.

தற்காலிகம்ங்கிற வார்த்தைய பிள்ளைங்க சந்தேகத்தோட பாக்கணும்னு நான் ஆசப்படுறேன், அதுக்கு உள்ளூர் கதையையும் சொல்லுவேன். இது ஃபாசிசம்னு நான் சொல்லல, சொன்னா அது பொய். 1957ல பினாங்கு தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், லேபர் கட்சிக்காரர், இப்ப அவர் பேர்ல ரோடு இருக்கு. 1965ல இந்தோனேசியாவோட மோதல் நடந்தப்ப ஊராட்சி மன்றத் தேர்தல நிறுத்தி வச்சாங்க. ஆதி நாகப்பன் தலைமையில அரச விசாரணைக் குழு ஒன்னு போட்டாங்க, அந்தக் குழு 1968ல தேர்தல் திரும்ப வேணும்னு அறிக்கை குடுத்துச்சு. 1976 சட்டம் அந்தத் தேர்தல ஒரேயடியா எடுத்துடுச்சு. மோதல் 1966லயே முடிஞ்சிடுச்சு. அந்த ரோட்டுல தினம் பைக் ஓட்டுற பையன் ஒருத்தன் ராமநாதன்னா யாருன்னு முதல் தடவையா என்கிட்டதான் கேட்டான்.

கூட வேலை செய்யிற டீச்சர் ஒருத்தங்களுக்கு இதுல சம்மதம் இல்ல, பரிட்சையில வராத பேருங்கள ஏன் அறிமுகம் பண்றீங்க, நல்ல பிள்ளைங்கள நீங்களே கெடுத்துடுவீங்க போலன்னு சொன்னாங்க. அவங்க பயம் எனக்கு புரியுது. ஆனா ஃபோன் காட்டுற யார்வினுக்கு பக்கத்துல மறுத்து பேச ஆளு இல்ல, என் வகுப்புல இருக்கேன். ஷ்மிட்ட சிலபஸ்ல இல்லன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. அடுத்த வாரம் அந்த 1933 மார்ச் சட்டத்த மலாய்ல மாத்தி வகுப்புக்கு குடுக்கப் போறேன். மொத்தம் அஞ்சு பிரிவுதான், ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடும்.