480 வரியை 1440 ஆக்கினால் என்ன கிடைக்கும்?

பழைய பிளேஸ்டேஷன் ஆட்டங்களைப் பதிவுசெய்து யூடியூப்பில் போடுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். என் சித்தி மகனும் வந்துவிட்டான். பட்டர்வொர்த்திலிருந்து போன் போட்டான். "அண்ணே, எஸ்டி வீடியோவ பெருசாக்கிப் போட்டா கிளியரா வருமா, இல்ல ஃபைல் மட்டும்தான் பெருசாகுமா?"

எஸ்டி என்பது பழைய டிவி காலத்து அளவு, அவனுடைய பதிவில் மேலிருந்து கீழே 480 வரிப் புள்ளிகள். பெருசாக்கியே போடு என்றேன். ஆனால் அதற்கான காரணம் அவன் நினைப்பது இல்லை. ஒரு 480 வரிப் படத்தை 1440 வரிக்கு இழுத்தால், கேமராவோ கேம் கருவியோ அனுப்பாத எதுவும் அதில் புதிதாக முளைக்காது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பதிவேற்றும் வீடியோவை யூடியூப் அப்படியே காட்டுவதில்லை, திரும்பவும் சுருக்குகிறது. அந்தச் சுருக்கத்தில் எவ்வளவு அடிபடும் என்பதை நாம் அனுப்பும் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டராக இருக்கிறேன். பழைய டேப்புகளை டிஜிட்டலாக்குவதும் அங்கே என் வேலைதான். ராத்திரியில் வீட்டில் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2). அதனால் எஸ்டி வீடியோவோடு பகலும் இரவும் பழக்கம்.

யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் பதிவேற்றுபவர்களுக்குப் பரிந்துரைக்கும் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவை, பாருங்கள். 480பி (அதாவது 480 வரி) சாதாரண வேக வீடியோவுக்கு நொடிக்கு 2.5 மெகாபிட். 1440பி, நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்றால் 24 மெகாபிட். நமக்குத் திருப்பிக் காட்டும்போது அவர்கள் கொடுப்பது இதைவிடக் குறைவு. ஆனால் பெரிய அளவுக்கு அதிகம், சின்ன அளவுக்குக் கொஞ்சம் என்ற கணக்கு மாறாது. அதோடு, 1440பியும் அதற்கு மேலும் போனால் பொதுவாக விபி9 என்ற கோடெக் (சுருக்கும் முறை) கிடைக்கிறது. சின்னச் சேனல்காரர்களின் 480பி, 720பி வீடியோக்கள் பெரும்பாலும் பழைய எச்.264-லேயே நின்றுவிடும். ஒரே பிட்ரேட்டில் விபி9 சுத்தமாகத் தெரியும்.

இதை நேரில் பார்க்க வின்னிங் லெவன் மாதிரி ஒரு கால்பந்து ஆட்டம் போதும். இங்கே பிஎஸ் கடைகளில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அதை விளையாடி வளர்ந்தவர்கள் நிறைய பேர். திரை முழுக்கப் பச்சைப் புல், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு, பந்து போகும் பக்கமெல்லாம் கேமராவும் ஓடும். சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கஷ்டமான படம் இல்லை. 480பியில் ஏற்றினால், கேமரா நகர ஆரம்பித்த உடனே புல் முழுக்கப் பச்சைச் சாயமாகிவிடும். கேமரா நின்ற பிறகுதான் புல் திரும்ப வரும். அதே பதிவை 1440பிக்கு ஏற்றினால் புல் ஓடும்போதும் புல்லாகவே இருக்கிறது. 1080பி மானிட்டரில் 1440பியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஃபிரேம் விஷயம் இதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். 2014-இல் யூடியூப் 60 ஃபிரேமைக் கொண்டுவந்தபோது 720பியும் அதற்கு மேலும் உள்ள வீடியோக்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. 480பியில் 30-தான். கிரான் டூரிஸ்மோ 4 மாதிரி நொடிக்கு 60 முறை படம் மாறும் ஆட்டத்தை 30-க்கு இறக்கினால் பாதி அசைவு தொலைந்தது. காரோட்டும் ஆட்டத்தில் அந்தப் பாதிதான் உயிர். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பழகிக்கொள்ளும், அசைவு வெட்டி வெட்டி வந்தால் கடைசிவரை உறுத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது பெரிதாக்கித்தான் ஆகவேண்டும்.

நிறத்திலும் ஒரு லாபம் உண்டு. இணைய வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் பதிவாகும், நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகும். சூப்பர் ஃபேமிகாம் என்ற பழைய நின்டெண்டோ கருவியில் படத்தின் அளவு 256க்கு 224 புள்ளி. எமுலேட்டரில் (பழைய கேம் கருவியைப் போலவே கணினியில் ஓடும் மென்பொருள்) எடுத்து அதே அளவில் ஏற்றினால், ஒரு புள்ளி அகலச் சிவப்புக் கோடு பக்கத்தில் இருக்கும் நீலத்தோடு கலந்து அழுக்காகும். முன்னாலேயே நாலு மடங்கோ ஆறு மடங்கோ ஆக்கிவிட்டால், அந்த நிற இழப்பு ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இப்படிப்பட்ட சுத்தமான டிஜிட்டல் பதிவுக்கு நியரஸ்ட் நெய்பர் முறையில் (ஒவ்வொரு புள்ளியையும் கலக்காமல் அப்படியே நகலெடுப்பது), முழு எண் மடங்கில் பெரிதாக்குவதே சரி. கேபிள் வழியாக வந்த பதிவுக்கு அது ஒத்துவராது. கேபிளில் வரும் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கேப்சர் கருவி அகலவாக்கில் எப்படியும் 720 புள்ளியாக மாற்றி எடுத்திருக்கும், அது கேம் கருவியின் புள்ளிகளோடு பொருந்தாது. அங்கே பக்கத்துப் புள்ளிகளைக் கணக்கிட்டு மென்மையாகப் பெரிதாக்கும் லான்சோஸ் முறை போதும்.

இதுவரை சொன்னது பாதி கதைதான். பெரிதாக்குவதற்கு முன்னால் நடப்பதில்தான் படம் பிழைப்பதும் சாவதும்.

மஞ்சள் முனை காம்போசிட் கேபிளில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. 480 வரி டிவி முறையான என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸில் நிறத்தை ஏற்றி அனுப்புவதை கேப்சர் கருவி திரும்பப் பிரிக்கவேண்டும், முழுசாகப் பிரிக்க முடியாது. நிற எல்லைகளில் ஊர்ந்து போகும் புள்ளிகள், சிவப்புச் சட்டையின் நிறம் ஓரத்தைத் தாண்டி வழிவது எல்லாம் அங்கே வருபவை. 1440பியில் அந்தப் புள்ளிகளும் மூன்று மடங்கு பெருசாக ஊரும், வேறொன்றும் நடக்காது. எஸ்-வீடியோ கேபிளில் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி வழி. விலை குறைந்த யூஎஸ்பி கேப்சர் கருவிகள் பலவற்றிலும் அந்த வட்டத் துளை இருக்கிறது, பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேபிளை மாற்றினால் வரும் முன்னேற்றத்தை எந்த மென்பொருளும் தராது.

அப்புறம் இன்டர்லேஸ். பிஎஸ்2 பெரும்பாலான ஆட்டங்களில் முழுப்படத்தை ஒரே நேரத்தில் அனுப்பாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த அறுபதில் ஒரு நொடியில் இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி, நொடிக்கு 59.94 ஃபீல்டு (அரைப்படம்). பழைய குழாய் டிவி அதற்காகவே செய்யப்பட்டது. கணினி இரண்டு ஃபீல்டையும் ஒட்டி ஒரே ஃபிரேமாக வைத்தால், ஓடுகிற வீரனின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். இந்த நிலையில் பெரிதாக்கிவிட்டால் கதை முடிந்தது. பற்கள் பல வரிகளில் பரவி மங்கிப்போகும், பிறகு எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழு ஃபிரேமாக்குவது), பிறகுதான் அளவு. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் யாடிஃப் 2எக்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கி 60-ஐக் காப்பாற்றும். நேரமும் பொறுமையும் இருந்தால் அவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸர். மெதுவாக ஓடும், ஆனால் நான் பார்த்ததில் மைதானக் கோடுகள் நடுங்காமல் நிற்பது அதில்தான்.

பிஎஸ்1, சூப்பர் ஃபேமிகாம் பெரும்பாலும் 240 வரியைத்தான் ஒவ்வொரு முறையும் முழுசாக அனுப்பும், அங்கே இன்டர்லேஸே கிடையாது. மலிவான கருவிக்கு அது தெரியாமல் இரண்டு படத்தைப் பின்னி ஒன்றாக்கும். அடி வாங்கிய பாத்திரம் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் மின்னும் இல்லையா, 30 ஃபிரேம் பதிவில் அந்தப் பாத்திரம் மின்னாமல் நிற்கும், அல்லது ஒரேயடியாகக் காணாமல் போகும். நான் விளையாடிய ஆட்டம் அது இல்லை.

இப்போது எல்லாரும் கேட்பது ஏஐ. இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு ஒருவர் தைப்பூச டேப் ஒன்றைக் கொண்டுவந்தார். மினிடிவி கேசட், நம் மலேசியாவின் பழைய டிவி முறையான பால் (PAL), 720க்கு 576 புள்ளி. தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளில் அவருடைய அப்பா பால்குடத்தோடு ஏறும் காட்சி, தூரத்திலிருந்து எடுத்தது. 4கே வேண்டும் என்றார். ஏஐ மென்பொருள் ஒன்றில் போட்டோம். கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் சில புள்ளிகள்தான் இருந்தது. மென்பொருள் அத்தனை பேருக்கும் கண், மூக்கு, வாய் வைத்துக் கொடுத்தது. பளிச்சென்றுதான் இருந்தது. அவருடைய அம்மா திரையைப் பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்டார். டீஇன்டர்லேஸ் செய்து சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்தைக் காட்டினேன். மங்கல்தான், ஆனால் கணவரின் நடையை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

ஆட்டத்திலும் இதேதான். வின்னிங் லெவன் ஜப்பானியப் பதிப்பில் வீரர் பெயர்கள் கட்டகானா எழுத்தில் வரும். அதில் ட்சு, ஷி இரண்டுக்கும் கோடுகளின் சாய்வில்தான் வித்தியாசம். ஏஐ அதைச் சீராக்குகிறேன் என்று ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடும். இன்றைய ஏஐ கருவிகள் பயிற்சி பெற்ற படங்களிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. அழகான படம் வேண்டுமென்றால் அது வேறு விஷயம். இந்த ஆட்டம் இப்படித்தான் இருந்தது என்று காட்டுவதற்காகப் பதிவுசெய்கிற எனக்கு அது ஆகாது.

எமுலேட்டரில் உள்ளேயே தெளிவுத்திறனைக் கூட்டுவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிஎஸ்2 எமுலேட்டர் முப்பரிமாண வடிவங்களைப் பெரிய அளவில் புதிதாக வரைகிறது, ஆகவே ஓரங்கள் உண்மையாகவே கூர்மையாகும். அவற்றின் மேலே ஒட்டிய படமான டெக்ஸ்சர் மட்டும் பழையதாகவே இருக்கும். அதுவும் நல்ல வழிதான். பதிவு முடிந்த பிறகு அதைச் செய்ய வழியில்லை.

தம்பிக்குக் கடைசியில் சொன்னது: 720க்கு 480-இல் எடுத்த மூலப் பதிவை லாஸ்லெஸ்ஸாக, அதாவது தரம் எதுவும் இழக்காமல், வை. சுருக்காமல் எடுத்தால் மணிக்குச் சுமார் 75 ஜிபி, லாஸ்லெஸ் கோடெக்கில் ஏறக்குறைய பாதி. நாளைக்கு நல்ல டீஇன்டர்லேஸர் வந்தால் அதிலிருந்துதான் திரும்ப ஆரம்பிக்க முடியும். பிறகு 60 ஃபிரேமாக்கி, 1920க்கு 1440 ஆக்கி ஏற்று. 480-க்கு அது சரியாக மூன்று மடங்கு, 240-க்கு ஆறு மடங்கு, 4:3 வடிவமும் கெடாது. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டையை வீடியோவுக்குள் நீயே சேர்க்காதே, யூடியூப் பார்த்துக்கொள்ளும். 16:9-க்கு இழுக்கவே இழுக்காதே, கார்ச் சக்கரம் முட்டையாகி ஓடுவதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது.

அவனுடைய பார்வையாளர்கள் பெரும்பாலும் போனில், மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்கள். யூடியூப் அவர்களுக்குத் தானாகவே 480பியைத்தான் கொடுக்கும். இந்த உழைப்பில் முக்கால்வாசி அவர்களுக்குத் தெரியாது, கேபிளும் டீஇன்டர்லேஸும் மட்டும் தெரியும். அதனால் அவன் முதலில் வாங்கவேண்டியது பிஎஸ்2-க்கான எஸ்-வீடியோ கேபிள். கொம்தார், பிராங்கின் மால் பக்கம் இன்னும் யாராவது வைத்து விற்கிறார்களா என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி வரச் சொல்லியிருக்கிறேன்.