நிப்பிள் இல்லாத இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் நடுவில் லாரி யார்டு கேட்டைச் சாத்தினால் ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் திறப்பார்கள். அந்த மூன்று வாரமும் மழை, புழுக்கம், கடற்காற்று. கிளேர்வுட், ஜேக்கப்ஸ், மோபெனி யார்டுகளுக்கும் துறைமுகத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் என்பதால் உப்புக்குப் பஞ்சமே இல்லை. திறந்த அன்று காலை டிரெய்லரை இழுத்தால் ஒரு சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்கும், உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவின் லைனிங்குக்கும் நடுவில் துரு கட்டிப் பிடித்திருக்கும். டிரைவர் முதல் கியரில் ஒரு முறுக்கு முறுக்குவார். ‘டொம்’ என்று சத்தம் கேட்டு விட்டுப்போகும், எல்லோருக்கும் நிம்மதி. அந்தச் சத்தத்தில் விட்டுப்போனது துருவா, ஷூவிலிருந்து பிய்ந்த லைனிங்கா என்று டிரம்மைக் கழற்றாமல் சொல்ல முடியாது.

பிடித்துவிட்டால் முதலில் காற்றை முழுதாக ஏற்றி, ஸ்பிரிங் பிரேக் (காற்றில்லாதபோது ஸ்பிரிங்கே பிடிக்கும் பார்க்கிங் பிரேக்) உண்மையிலேயே விட்டிருக்கிறதா என்று, பிரேக் சேம்பர் என்ற காற்றுக் கலத்திலிருந்து நீளும் புஷ் ராடைப் பார்க்க வேண்டும். பிறகு டிரம் விளிம்பில் கனமான சுத்தியலால் சுற்றிலும் தட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் போதும். இந்த வம்பே வேண்டாம் என்றால், நீண்ட விடுமுறைக்கு முன் சமதளத்தில் நிறுத்தி, இருபுறமும் கட்டை கொடுத்து, ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டும் கேஜிங் போல்ட்டால் அதைப் பின்னிழுத்து வைக்கலாம். காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும் என்பதால் வால்வை மட்டும் திறந்துவிட்டுப் போவதில் பயனில்லை. கேஜ் செய்த டிரெய்லருக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது என்பதைத் திரும்பி வருகிறவர் அறிய, காற்றுக்குழாய் இணைப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

வண்டியின் தகுதியைப் பார்க்கும் ரோட்வொர்தி சோதனைக்கு முந்தைய நாள் எல்லா யார்டிலும் கிரீஸ் கன் ஓடும். ஷூவை விரிக்கும் கேம் தண்டின் புஷ், அந்தத் தண்டைப் புஷ் ராடோடு இணைக்கும் நெம்புகோலான ஸ்லாக் அட்ஜஸ்டர் எல்லாம் வழியவழியக் கிரீஸ் பெறும். ஆனால் ஈரக் காற்றில் பிரேக் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இல்லாத இடங்களில்தான்: புஷ் ராடை அட்ஜஸ்டரோடு கோக்கும் கிளெவிஸ் பின், ஷூவின் மறுமுனையைத் தாங்கும் ஆங்கர் பின், கேமுக்கும் ஷூவுக்கும் இடையிலுள்ள ரோலர் உட்காரும் குழி. இவை மூன்றும் கழற்றினால்தான் எண்ணெய் பார்க்கும்.

துருப்பிடித்த பிரேக் இரண்டு விதமாகக் கெடும். விடாமல் பிடிப்பது ஒன்று. அது சூடேறும், நாறும், எவராவது கவனிப்பார். பிடிக்கவே பிடிக்காதது இன்னொன்று. அந்தச் சக்கரம் சத்தமில்லாமல் குளிர்ந்து கிடக்கும், அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். 22 மீட்டர் நீளமும் 56 டன் எடையும் கொண்ட ஏழு அச்சு இன்டர்லிங்கில் (இரட்டை டிரெய்லர் லாரி) 14 பிரேக்குகள். அதில் மூன்று தூங்கினால் மீதிப் பதினொன்றும் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். 2013இல் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லாரி மோதி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு இந்த ஊரில் பிரேக் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இறக்கம் முடிந்து நிறுத்தியதும் வெப்பமானியை ஒவ்வொரு டிரம்மின் மீதும் காட்டினால், ஒரே அச்சின் இடமும் வலமும் பெரிதாக வேறுபடுவது தெரிந்துவிடும். சூடானதை மட்டும் தேடுவது பாதி வேலை.

கிளெவிஸ் பின் விரலால் இழுத்தால் வர வேண்டும். சுத்தியல் கேட்டால் அது ஏற்கெனவே பிடித்துவிட்டது. புஷ் ராட் நேராக ஓடாமல் சாய்ந்து இழுபடும், லைனிங் தேய்வைத் தானே ஈடுகட்டும் தானியங்கி அட்ஜஸ்டரும் தூரத்தைத் தப்பாக உணரும். எமரி தாளால் துருவை எடுத்து, இடுப்பு தேய்ந்திருந்தால் புதியது போட்டு, இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டாம்.

ரோலரில்தான் நல்ல மெக்கானிக்கும் தவறுகிறார். ஷூவின் குழியில் ரோலர் சுழல வேண்டும், அதனால் ஆன்டி-சீஸ் அங்கே மட்டும். கேமின் தலை ரோலரைத் தொடும் முகத்தில் தடவினால் ரோலர் உருளாமல் வழுக்கும். வழுக்கிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். தட்டையான ரோலர் மறுபடி உருளவே உருளாது.

கேம் தண்டின் இரண்டு சீல்களின் உதடும் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் மிஞ்சிய கிரீஸ் வெளிப்பக்கம் வரும். திருப்பிப் போட்டால் அது லைனிங்கில் போய் விழும், அந்தப் பிரேக்கின் கதை அன்றோடு முடிந்தது. லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மைத் தரம் என்எல்ஜிஐ 2, புதிது தலைகாட்டும் வரை அடிக்கலாம். வெளிவருவது செங்காவி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. எவ்வளவு அடித்தும் எதுவும் வரவில்லை என்றால் கன்னை வைத்துவிட்டு, கிரீஸ் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கையில் ஆட்டம் 0.75 மில்லிமீட்டரைத் தாண்டினால் புஷ்ஷும் சீலும் மாற்றும் நேரம். தானியங்கி அட்ஜஸ்டர்களுக்கு எந்தக் கிரீஸ் என்பதை மட்டும் தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே கிளட்ச் உள்ள சிலவற்றுக்கு மாலிப்டினம் கலந்த மாலி கிரீஸ் ஆகாது.

ஷூவைக் கழற்றிவிட்டால் அதைப் பின்னிழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போடுவதே முறை. பழையது பார்வைக்கு நன்றாக இருக்கும், கொக்கியின் வளைவில் துரு தின்றிருக்கும், இழுவையும் தளர்ந்திருக்கும். ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவே புகும் துரு இன்னொரு தொல்லை. பனிச்சாலையில் உப்பு தூவும் நாடுகளில் இது பெரிய தலைவலி, இங்கே கடலே உப்பைத் தூவுகிறது. இரும்பு துருவானால் பருக்கும். பருத்தால் லைனிங்கைத் தூக்கும், ரிவெட் வரிசையில் வெடிப்பு விழும். தடிமன் போதுமான அளவு இருந்தாலும் வெடித்த லைனிங்குக்கு மன்னிப்பு இல்லை. புது லைனிங் அடிக்கும் முன் அது உட்காரும் ஷூ மேசையைப் பளிச்சென்று சுத்தம் செய்து பெயின்ட் பூசாவிட்டால், அடுத்த முறையும் அதே கதைதான். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஸ்பிரிங் சேம்பரில் கேஜிங் போல்ட் துளையின் மூடி காணாமல் போவதைச் சில்லறை விஷயமாக நினைப்பார்கள். அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கைத் துருவாக்கும், அது ஒரு நாள் முறியும். ஸ்பிரிங் பக்கத்தைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் எவருக்கும் வரக் கூடாது, அதன் விசை ஆளைக் கொல்லும். முழுதாக மாற்றுவதே வழி.

எல்லாம் முடிந்ததும் அளவு எடுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை, ஸ்பிரிங் பிரேக் விட்ட நிலை, டாங்கில் 6.2 முதல் 6.9 பார் வரை காற்று. புஷ் ராடில் சேம்பர் வாயோடு சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் முழுதாக மிதிக்க, இன்னொருவர் கோடு நகர்ந்த தூரத்தை அளக்கிறார். டைப் 30 என்ற அளவுள்ள சாதாரண சேம்பருக்கு 51 மில்லிமீட்டர் எல்லை. தாண்டினால் தானியங்கி அட்ஜஸ்டரை ஸ்பேனரால் திருகி எண்ணைச் சரிக்கட்டுவது எளிது, சோதனையிலும் தேறிவிடும். சில வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பும். காரணம் பிடித்துக்கொண்ட கிளெவிஸ் பின்னிலோ தேய்ந்த புஷ்ஷிலோ இருக்கிறது.

கிரீஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஓடும் கன்டெய்னர் டிரெய்லர் கிலோமீட்டரே சேர்க்காது. மீட்டரை நம்பி உட்கார்ந்தால் துரு முந்திக்கொள்ளும், ஆகவே கடலோர வண்டிக்கு நாட்காட்டிதான் கணக்கு. பிரஷர் வாஷர் அடித்த நாளிலும் கிரீஸ் போட வேண்டும், அதுவும் கழுவிய பிறகு. பிறகு ஒரு சுற்று ஓட்டி, லேசாக நாலைந்து முறை பிரேக் பிடித்து டிரம்மை உலர்த்தியபின் நிறுத்தலாம்.