தொழுவத்தையும் விட்டுவையுங்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்ட் என்றால் ஐடி பார்க்கும் டிராஃபிக்கும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அது பிறந்தது விவசாயக் குடியிருப்பாக. 1882இல் ஆங்கிலோ இந்தியர்கள் பயிர் செய்து பிழைக்க மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கொடுத்த நிலம் சுமார் 3,900 ஏக்கர். முன்னின்று நடத்தியவர் டி.எஸ். ஒயிட், ஊருக்கும் அவர் பெயர்தான்.

இன்னர் சர்க்கிள் பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். மங்களூர் ஓடு, சுண்ணாம்புச் சுவர், ஜன்னலுக்கு மேல் கூராக இறங்கும் மரச்சட்ட மறைப்பு, மங்கி டாப் என்பார்கள். வீட்டுக்காரப் பெரியவர் பின்னால் அழைத்துப்போனார். புகையும் நெருப்பும் வீட்டை அண்டாதபடி தள்ளிக் கட்டிய சமையல்கட்டு, பக்கத்தில் கிணறு, தொழுவம். தொழுவத்து மரத்தூணில் மாட்டுக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளத்தில் என் விரல் முழுசாக அடங்கியது.

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பலரும் முதலில் இடிப்பது இதைத்தான். மனசு ஆறவில்லை. தொழுவமும் கிணறும் போய்விட்டால் அது பண்ணை வீடா?

அப்புறம், சுண்ணாம்புச் சுவர்மேல் தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரே உதிர ஆரம்பிக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெரியவர் தேடிக்கொண்டிருக்கிறார்.