வயது வந்த பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

நான்கு வருடமாக எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் துப்புரவு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வரும் பெண்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடப் படியே ஏறாதவர்கள். மீதிப் பேரை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். புதிதாக வகுப்பு தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் நல்லது?" என்பதுதான். புத்தகம் அப்புறம். முதலில் கண்ணைப் பாருங்கள்.

என் முதல் குழுவில் ஓர் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். கரும்பலகையில் எழுதினால் டக்கென்று சொல்வார். அதே எழுத்தை நோட்டில் காட்டினால் திணறுவார். "எனக்கு மண்டையில ஏறல கண்ணு, விட்டுடு" என்று இரண்டாவது வாரமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் அதை நம்பினேன். ஒருநாள் அவர் நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, வெள்ளெழுத்து! கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் இந்தக் குறை, நாற்பதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான். படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். படிக்காதவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்ட அன்றைக்கே தன் பெயரை நோட்டில் பார்த்துத் தானே எழுத்துக்கூட்டினார். இப்போதெல்லாம் முதல் நாளே எல்லோரிடமும், "ஊசியில நூல் கோக்க முடியுதா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது, அகர வரிசையில் தொடங்காதீர்கள். 'அ' எழுதச் சுழியும் வளைவும் வேண்டும். பென்சிலே பிடித்திராத கைக்கு அது பெரிய பாடு. ட, ப, ம மூன்றும் அவ்வளவு சிரமம் தராது. இவற்றோடு துணைக்காலும் (ா) மேல்விலங்கும் (ி) புள்ளியும் சேர்ந்தால் படி, மாடி, பாட்டி, படம் என்று முதல் வாரமே முழுச் சொற்கள் வந்துவிடும். 247 எழுத்துள்ள அட்டவணையை முதல் நாள் சுவரில் மாட்டினால் பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள். இன்னொன்று: 'ர'வையும் துணைக்காலையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்வார்கள். 'பாரம்' என்று எழுதிக்காட்டி இரண்டையும் அருகருகே பார்க்க விடுங்கள். திட்ட வேண்டாம், உண்மையிலேயே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

சொற்களை அவர்களிடமிருந்தே வாங்குங்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் அங்குள்ள அஞ்சிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். அன்றாடம் வாயில் புழங்கும் சொல் ஒன்றை எடுத்து, அதைப் பற்றி எல்லோரும் பேசி, பிறகு அசை அசையாக உடைத்து, ஒவ்வோர் அசைக்கும் உரிய வரிசையை எழுதிப் பார்ப்பது அவர் முறை. நம் உயிர்மெய் வரிசை அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. எங்கள் குழு கொடுத்த முதல் சொல் 'வட்டி'. ஒரு மணி நேரம் பேச்சு, அழுகைகூட வந்தது. அன்றைக்கு ட, டா, டி, டீ மட்டும்தான் நடந்தது. ஆனால் மறுநாள் ஒருவர்கூட வராமல் இல்லை.

கணக்கில் அதிகம் மெனக்கெட வேண்டாம். மனக்கணக்கில் நம்மை மிஞ்சுவார்கள். எண்ணை எழுதும் விதம் மட்டும் போதும். அணில், ஆடு படம் போட்ட குழந்தைப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் அவர்கள்.

யுனெஸ்கோ கணக்குப்படி, உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஏன் என்று வகுப்பு நேரம் குறிக்கும்போதே தெரிந்துவிடும். நான் ஆறு மணி என்று வைத்தேன். நாலைந்து பேர்தான் வந்தார்கள். சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் முடிய எட்டரை ஆகும் என்றார்கள். எட்டரைக்கு மாற்றினேன், இடம் போதவில்லை. நேரத்தை அவர்களே குறிக்கட்டும். கைக்குழந்தையோடு வந்தால் வரட்டும்.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் குழுவுக்கு ஆறு மாதத்தில் சான்றிதழ் கொடுத்து வகுப்பை முடித்துவிட்டேன். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால், பலருக்குக் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையில் விட்டதால் வந்த வினை. 'விண்ணப்பதாரர்' என்ற சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். அப்புறம் பொருள் எங்கே விளங்கும்? ஒரே பத்தியை, தடங்கல் இல்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வைக்க வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் வாரம் ஒருநாள் எல்லோரும் கூடிப் படிக்க வேண்டும்.

இப்போது அப்படித்தான் கூடுகிறோம். மருந்து அட்டை, மின்கட்டணச் சீட்டு, கைபேசியில் வந்த செய்தி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவருகிறார்கள். போன மாதம் ஒரு கடன் படிவம் வந்தது. மூன்று வாரமாகப் படித்து இரண்டாம் பக்கத்தில் நிற்கிறோம். யாரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.