அன்னப் பலகை மீண்டது: ஸ்பிண்டில் மாற்றிய பிறகு பழைய புள்ளியைப் பிடித்த விதம்

கணினி நிரல்படி மரம் செதுக்கும் என் சிறு சிஎன்சி இயந்திரம் நடுவேலையில் நின்றுபோனபோது மாட்டிக்கொண்ட தேக்குப் பலகை பிழைத்துவிட்டது. பாதியில் நின்ற செதுக்கலைத் தொடர்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டவில்லை. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் மட்டும், இடம் தெரிந்தவர் கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. ஆசாரியாரிடம் காட்டினேன், கோடு எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை. இந்தப் பெருமையை எழுதாமல் இருக்க முடியாது.

இயந்திரம் எல்லோருக்கும் தெரிந்த 3018 வகைதான். அச்சு ஓடும் எல்லையைத் தொட்டால் இயந்திரத்தை நிறுத்தும் எல்லைச் சுவிட்சுகள் நானே பொருத்தியவை. பூஜை அறைக் கதவுக்காக, எதிரெதிரே இரண்டு அன்னங்களும் நடுவில் தாமரையும் உள்ள, ஓரத்து உபரியோடு சேர்த்து 260 x 160 மி.மீ. புடைப்புச் சிற்பம், அதிக ஆழம் 12 மி.மீ. பருவெட்டு ஒழுங்காக முடிந்தது. நுண்வெட்டுக்கு 0.5 மி.மீ. ஆரமுள்ள கூம்பு உருண்டை முனை, கோட்டுக்குக் கோடு 0.25 மி.மீ. இடைவெளி, வேகம் நிமிடத்துக்கு 800 மி.மீ. கணக்குப்படி மூன்றரை மணி நேர வேலை. முனை அன்னங்களின் கழுத்துக்கு வந்தபோது ‘அலாரம் 1’ என்று சொல்லி எல்லாம் நின்றது. எல்லைச் சுவிட்ச் தட்டப்பட்டது என்பது அதன் பொருள். முனையோ பலகையின் நடுவில் இருந்தது. எந்தச் சுவிட்சும் பக்கத்தில் இல்லை.

இயந்திரத்தை ஆளும் மென்பொருளான ஜிஆர்பிஎல் இந்த அலாரத்தில் மோட்டார்களைப் படிப்படியாக நிறுத்துவதில்லை, அந்தக் கணமே வெட்டிவிடுகிறது. அதனால் ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கணக்கை அது நம்பக் கூடாது. பூட்டைத் திறந்து, இசட் அச்சைக் கையால் திருகி முனையை மேலே எடுத்தேன். பலகையை மட்டும் மேசையிலிருந்து அசைக்கவில்லை. பிடிகளை ஒருமுறை தளர்த்தினால் பலகையின் கோணமும் போய்விடும், பிறகு மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவிட்சுகள் மல்டிமீட்டரில் நன்றாகவே இருந்தன. ஸ்பிண்டிலை (முனையைச் சுழற்றும் மோட்டாரை) நிறுத்திவிட்டு மூன்று அச்சுகளையும் நீண்ட நேரம் ஓட்டினேன், அலாரம் வரவில்லை. அச்சுகளை நிறுத்தி ஸ்பிண்டிலை மட்டும் முழு வேகத்தில் சுழற்றினேன். சற்று நேரத்தில் அதே அலாரம். வேகத்தைக் குறைத்தால் வருவதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு மோட்டாரின் பின்பக்கத் துளைகள் வழியே பார்த்தபோது விடை கிடைத்தது. 775 மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, அவை உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி நீல நிறத்தில் பொறி வளையம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பொறியின் மின்னிரைச்சல்தான் சுவிட்ச் கம்பியில் ஏறியிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகையான ஆர்டுயினோவின் உள் புல்-அப் மின்தடை (சுவிட்ச் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்வில் பிடித்து வைப்பது) மிக பலவீனமானது. நீளமான கம்பி இருந்தால் போதும், சிறு துடிப்பையும் சுவிட்ச் அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. இத்தனை காலம் ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஏன் இப்போது மட்டும் மிரள்கிறது என்பதற்கும் பிரஷ் தேய்மானமே பதில்.

இந்த மலிவு மோட்டார்களில் பிரஷ்ஷை மட்டும் மாற்ற வழி இல்லை. சென்னை ரிச்சி தெருவில் புது மோட்டாரும் மற்ற சில்லறைச் சாமான்களும் வாங்கினேன். புது மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று. உடலில் ஈயம் ஒட்டவைப்பது பெரும்பாடு. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தடித்த முனையுள்ள சால்டரிங் அயர்னை வைத்தால்தான் பிடிக்கிறது. சுவிட்சுகளுக்கு உறை போட்ட கம்பி. உறையைக் கட்டுப்பாட்டுப் பலகையின் பக்கம் மட்டும் கிரவுண்டோடு இணைத்தேன், இரு பக்கமும் இணைத்தால் அது வேறு சிக்கலைக் கொண்டுவரும். ஒவ்வொரு உள்ளீட்டிலும் 4.7 கிலோ ஓம் வெளிப் புல்-அப்பும் ஒரு சிறு கெப்பாசிட்டரும் சேர்த்த பிறகு முழு வேகத்தில் எவ்வளவு நேரம் விட்டாலும் அலாரம் இல்லை.

இயந்திரம் சரியாகிவிட்டது. பலகைக்கு உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சுவிட்சுகள் அதே இடத்தில் இருப்பதால் ஹோமிங் செய்தால் (அச்சுகளைச் சுவிட்ச் வரை ஓட்டித் தொடக்க இடத்தைப் பிடித்தால்) ஜி54 ஆதிப்புள்ளி, அதாவது வேலையின் பூஜ்யப் புள்ளி, திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் அது ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் தாங்கியின் இடம். வெட்டும் முனையின் இடம் அல்ல. மோட்டாரைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அதன் மையம் சற்றாவது நகரும், தண்டின் நீளமும் மாறும். கோடுகளின் இடைவெளியே 0.25 மி.மீ. என்னும்போது 0.1 மி.மீ. பிசகினால் அன்னத்தின் கழுத்தில் வெட்டு விழுந்ததுபோலத் தெரியும்.

கைகொடுத்தது என் பழைய வழக்கம். எந்த வேலையானாலும் முதல் நிரலிலேயே ஓரத்து உபரி மரத்தில், மூலைவிட்டமாக, 6 மி.மீ. விட்டத்தில் இரண்டு குழிகளை இறக்கிவிடுவேன். பலகையைத் திருப்பிப் போடும்போது முளை செருகுவதற்கான குழிகள் அவை. இந்தப் பலகையில் அவற்றின் மையங்கள் (8, 8), (252, 152). பழைய ஸ்பிண்டில் தன் கையால் எழுதி வைத்த சாட்சிகள். அவற்றின் மையத்தைப் புது ஸ்பிண்டிலால் கண்டுபிடித்தால் போதும்.

மரத்தில் மின்சாரம் ஓடாது என்பதால் நேரடியாகத் தொட்டறிய முடியாது. தாளை வைத்து உரசிப் பார்ப்பவர்கள் உண்டு. சாதாரண ஏ4 தாளே ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தோம் என்பது கையின் குணம். எனக்கு அது போதாது. பாரிமுனைப் பக்கம் வெளி விட்டம் 6, உள் விட்டம் 5 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய் கிடைத்தது. சிறு துண்டாக அறுத்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் குழிக்குள் இறக்கினேன், ஆட்டமே இல்லை. உடைந்த முனை ஒன்றைத் தலைகீழாக, முனையைப் பிடிக்கும் வளையமான கொலெட்டில் மாட்டினால் 3.175 மி.மீ. விட்டமுள்ள வழவழப்பான தண்டு தயார். தண்டுக்கு ஒரு கம்பிக் கவ்வி, குழாய்க்கு ஒரு கம்பிக் கவ்வி, ஆர்டுயினோவின் ஏ5 முள்ளில் இணைப்பு. பிறகு, தொட்டதும் நிற்கச் சொல்லும் ஜி38.2 கட்டளையில் நிமிடத்துக்கு 25 மி.மீ. வேகத்தில் இடது சுவர், வலது சுவர், இரண்டின் சராசரி எக்ஸ் மையம். அதே போல ஒய். ஒய் கிடைத்ததும் எக்ஸை மறுபடியும் எடுக்க வேண்டும்; முதல் முறை தண்டு வட்டத்தின் நடு விட்டத்தில் இருந்திருக்காது.

இங்கே பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஸ்பிண்டில்களின் கொலெட் எப்போதும் சிறிது கோணலாகவே சுற்றும். நின்ற நிலையில் தண்டின் மையமும் சுழற்சியின் மையமும் ஒன்றல்ல. அதனால் கொலெட் நட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு முன்னால் இருக்கும்போது ஒருமுறையும் அரைச் சுற்று திருப்பி மறுமுறையும் மையம் எடுத்தேன். இரண்டுக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம். சராசரிதான் உண்மையான சுழல் மையம். ஒரே நிலையில் எடுத்து நிறுத்தியிருந்தால் 0.03 பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கும். இரண்டாவது குழியிலும் இதையே செய்தேன். குழிகளுக்கு இடையே எக்ஸில் 244 வர வேண்டியதற்கு 243.98, ஒய்யில் 144க்கு 144.03. பலகை அசையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இசட் அச்சுக்கு வேறு வழி. உபரி ஓரத்தில் முன்பு தொட்ட அதே இடத்தில், தடிமன் அளந்த பித்தளைத் தகட்டை வைத்துத் தொட்டேன். ஆனால் மரம் ஈரத்துக்கு ஏறி இறங்கும். தேக்கு குறைவாகத்தான் அசையும், இருந்தாலும் நம்பி இறங்க மனமில்லை. ஏற்கெனவே செதுக்கி முடித்த பகுதியின் கடைசி விரற்கடை அகலத்துக்கு நீல மார்க்கரைப் பூசினேன். முனையை 0.1 மி.மீ. உயர்த்தி அந்தக் கோடுகளை மறுபடி ஓட்டினால் மை அப்படியே இருந்தது. முனையின் உயரக் கணக்கை மாற்றும் ஜி43.1 கட்டளையால் 0.02 ஆக இறக்கிக்கொண்டே வந்தேன். மை மட்டும் சுரண்டப்பட்டு, புது மரத்தூள் எழாத நிலை ஒன்று வந்தது. அதுதான் பழைய ஆழம். தகடு சொன்னதற்கும் மை சொன்னதற்கும் 0.04 வித்தியாசம் இருந்தது; நான் மையின் பக்கம் நின்றேன்.

விட்ட இடத்திலிருந்து தொடர நிரலை வெட்டுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கணினி ‘கடைசியாக அனுப்பிய வரி’ என்று காட்டுவது முனை வெட்டிய வரி அல்ல. ஜிஆர்பிஎல் 128 பைட் உள்வாங்கி வைத்திருக்கும். அதற்கு மேல் திட்ட வரிசையில் 16 நகர்வுகள் வரை காத்திருக்கும். எனவே ஒய்யில் 2.5 மி.மீ. பின்னால் போய், ஒரு கோட்டின் தொடக்கத்தில் நிரலை வெட்டினேன். தலைப்பில் ஜி21 (மி.மீ. அளவு), ஜி90 (ஆதிப்புள்ளியிலிருந்து அளப்பது), ஜி54, சுழல் வேகம், ஊட்டு வேகம் எல்லாம் திரும்ப எழுதி, முதலில் இசட் மேலே, பிறகு எக்ஸ் ஒய், கடைசியில் கீழே என்று வரிசைப்படுத்தினேன். ஓடத் தொடங்கியபோது முதல் பத்துக் கோடுகளில் மெல்லிய மைத்தூள் மட்டும் வந்தது. பதினோராவதில் தேக்கின் பொன்னிறச் சீவல். அந்தக் கணம் எழுந்து நின்று கைதட்டினேன்.

பலகை இன்னும் முடியவில்லை. குழாய்களைப் பிடுங்கி ஓரத்தை அறுக்க வேண்டும், உப்புத்தாள் வேலை இருக்கிறது. “கண்ணை மட்டும் தொடாதீர்கள் தம்பி, அதை உளியால்தான் திறக்க வேண்டும்” என்று ஆசாரியார் சொல்லியிருக்கிறார். சரியான பேச்சு. அரை மி.மீ. ஆரமுள்ள முனை கண்ணின் ஓரத்தை மழுங்கடிக்கத்தான் செய்யும்.

மரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய நிலைச் சட்டத்திலிருந்து அறுத்தது. பழைய தேக்கு அற்புதமாக வெட்டுகிறது, சிராய் எழுவதில்லை. ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும், காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் முனையை இறக்காதீர்கள். அடுத்த கதவுப் பலகைக்கு அதே சட்டத்தில் இன்னொரு துண்டு மீதி இருக்கிறது. அதற்கு முன் பிரஷ் இல்லாத ஸ்பிண்டில் ஒன்று வாங்கப்போகிறேன். விலை விசாரித்து வருகிறேன். தாங்கியின் அளவு மாறும் என்பதால் அலுமினியத் தகட்டில் புதுத் தாங்கிக்கான வரைபடத்தையும் போட்டு வைத்திருக்கிறேன்.