பழைய என்லார்ஜர்: பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது

ஃபிலிம் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரிண்ட் போடும் கருவிதான் என்லார்ஜர்: ஒரு தூண், அதில் ஏறி இறங்கும் தலை, தலைக்குள் பல்ப். பழையது ஒன்று கைக்கு வந்ததும் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். வயரைப் பார்ப்பதில்லை. சாக்கெட்டில் பொருந்தாத டூ பின் பிளக்கை வெட்டிவிட்டு த்ரீ பின் பிளக்கைப் போடுகிறோம், பல்ப் எரிந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். இதைவிட ஆபத்தான அரைகுறை வேலை கிடையாது. இரண்டு கோர் (உள்கம்பி) வயரின் நுனியில் த்ரீ பின் பிளக் மாட்டினால் எர்த் பின் எதனோடும் சேராமல் சும்மா நிற்கும். அடுத்து அதைக் கையாள்பவர் எர்த் இருப்பதாக நம்பித் தூணைப் பிடிப்பார்.

பிரிண்ட் போடும் இருட்டறையான டார்க்ரூமில் பிடிக்கிற கை பெரும்பாலும் ஈரக்கை. பிரிண்ட்டைக் கழுவும் டெவலப்பரும் ஃபிக்ஸரும் உப்புகள் கரைந்த நீர். குழாய்த் தண்ணீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். எதிரே இருப்பதோ முழுக்க உலோகம்.

திறக்கும் முன் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, கண்ணில் படும்படி மேசை மேல் வையுங்கள். சுவர் ஸ்விட்சை நம்பாதீர்கள். பிறகு விவரத் தகட்டைப் படியுங்கள். 110 அல்லது 125 வோல்ட் என்றிருந்தால் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள கருவி, இரண்டு கோர் வயரே சரி. குறி இல்லாத உலோக உடம்பு என்றால் மூன்று கோர் வயர் போட்டே ஆக வேண்டும்.

வயர் தலைக்குள் நுழையும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் அங்கேதான் முதலில் இறுகி வெடிக்கும். துணி உறை அந்த வெடிப்பை மறைத்துவிடும். ஓரிடத்தில் வெடித்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழு வயரையும் மாற்றுங்கள். பல்புக்கு அருகே வெள்ளையாக, பஞ்சு போன்ற உறை தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். வெட்டவோ, பிய்க்கவோ, ஊதவோ வேண்டாம். மூடி வைத்துவிட்டு, அதைப் பாதுகாப்பாக அகற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நிறத்தை வைத்து வயரை அடையாளம் காணாதீர்கள். இன்று பல நாடுகளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய பிரிட்டிஷ் கருவிகளில் சிவப்புதான் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். அமெரிக்கக் கருவிகளில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜெர்மன் கருவிகளில் சிவப்பு எர்த்தாக இருக்கும்! அந்தச் சிவப்பை ஃபேஸ் என்று எண்ணி இணைத்தால் தூண் முழுக்க 230 வோல்ட் ஏறும். பல்பைக் கழற்றிவிட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

150 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.65 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் தாராளம். தடித்த, விறைப்பான வயர் போட்டால் தலையை இழுத்து ஃபோகஸைக் கெடுக்கும். ஆனால் பல்ப் அறைக்குள் சாதாரண பிவிசி வேண்டாம். அது 70 டிகிரி வரைதான் தாங்கும். 180 டிகிரி தாங்கும் சிலிக்கான் வயர் போடுங்கள். 12 வோல்ட் ஹாலஜன் தலையில் கணக்கே வேறு. 100 வாட் பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பல்பு வரை 1.5 சதுர மில்லிமீட்டராவது வேண்டும். மெல்லிய வயர் சூடாவதோடு வோல்ட்டையும் குறைத்து வெளிச்சத்தை மஞ்சளாக்கும்.

திருகு ஹோல்டரில் ஃபேஸ் நடு முனைக்கும், நியூட்ரல் திருகு உறைக்கும் போக வேண்டும். பல்பைக் கழற்றும்போது விரல் படுவது உறையில்தான். ஸ்விட்ச் ஃபேஸில் இருக்கட்டும். திருப்பிச் செருகக்கூடிய பிளக் என்றால் இதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை. பல்பைத் தொடும் முன் பிளக்கை உருவுங்கள்.

வயர் நுனிக்கு ஈயம் பூசித் திருகுக்கடியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், திருகு தளரும், சந்திப்பு கருகும். நுனியில் ஃபெரூல் (சிறிய உலோகக் குழல்) போட்டு இறுக்குவதே சரி.

எர்த்துக்குத் தனி போல்ட் ஒதுக்குங்கள். பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டிவிட்டு, வளைய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), பல் வைத்த வாஷர், நட் என்று இறுக்குங்கள். தலை தூணில் ஏறி இறங்கும் இடத்தில் கிரீஸும் பெயின்ட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கும். அதன் வழியே எர்த் போகும் என்று எண்ண வேண்டாம். தலைக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று என்று தனித்தனி வயர் கொடுங்கள்.

பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டையும்விட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது வயரில் தடுக்கி இழுத்தாலும் எர்த்தான் கடைசியாகப் பிடுங்கிக்கொள்ளும். பிளக்கின் கிளாம்ப் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் கோர்களை அல்ல. ஃபியூஸ் உள்ள பிளக் என்றால் 3 ஆம்பியர் போதும்.

சோதனையில் அவசரம் கூடாது. பிளக்கின் எர்த் பின்னிலிருந்து தலை, தூண், நெகட்டிவ் கேரியர் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) என்று தொடக்கூடிய ஒவ்வொரு உலோகத்துக்கும் அளவெடுங்கள். மீட்டர் வயரின் தடையைக் கழித்தபின் 0.5 ஓமுக்குள் இருக்க வேண்டும். தலையை ஏற்றி இறக்கி, வயரை அசைத்துக்கொண்டே பாருங்கள். எண் குதித்தால் எங்கோ சந்திப்பு சரியில்லை. அடுத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரில் 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். மல்டிமீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டில் வெடித்த ரப்பர்கூட நல்லதாகவே தெரியும். முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது பல்பைக் கழற்றிவிட்டு, சீரிஸ் லாம்ப் (லைனில் தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாகக் கொடுங்கள். சீரிஸ் லாம்ப் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். டார்க்ரூம் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கட்டும், ஆனால் அது எர்த்துக்கு மாற்று அல்ல.

இவ்வளவும் செய்தபின் எர்த்தைக் காவு வாங்குவது பெரும்பாலும் என்லார்ஜர் பல்பைக் குறித்த நேரம் எரியவிடும் டைமர்தான். பழைய டைமர்கள் பலவற்றில் என்லார்ஜரைச் செருகும் சாக்கெட் டூ பின்னாகவே இருக்கும். என்லார்ஜரில் போட்ட மூன்றாவது வயர் அங்கேயே அறுந்துபோகிறது. அதை த்ரீ பின் சாக்கெட்டாக மாற்றி, டைமரின் வயரையும் மூன்று கோராக்குங்கள். உள்ளே வெடிப்பு விழுந்த காகித கெப்பாசிட்டர் மெயின்ஸுக்குக் குறுக்கே இருந்தால், அதே மைக்ரோஃபாரட் அளவில் மெயின்ஸுக்குக் குறுக்கே போடவே செய்த எக்ஸ்2 வகை போடுங்கள். பழையது ஒருநாள் புகைந்துவிடும். பின்பு என்லார்ஜரை டைமரில் செருகி, டைமரின் பிளக் எர்த் பின்னிலிருந்து என்லார்ஜர் தூண் வரை இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.