பாண்டா பார்க்க இரண்டு டிக்கெட்

சீனாவின் செங்டு நகரத்தில் பாண்டா பார்க்க இரண்டு முறை டிக்கெட் எடுத்த ஆள் நான். ஒரு டிக்கெட் 55 யுவான். முதல் நாள் 55 சுத்தமாகத் தண்டம்.

காரணம் ஒரு டாக்ஸிக்காரர். மீட்டர் போடாமல் 150 யுவான் கேட்டார். பேரம் பேச மொழி தெரியாமல் தலையாட்டிவிட்டேன். போகிற வழியில் ஒரு தேயிலைக் கடையில் நிறுத்தி அரை மணி நேரத்தைத் தின்றார். நான் எதுவும் வாங்கவில்லை என்று அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாண்டாப் பண்ணைக்குள் நுழையும்போது மணி பதினொன்று. வெயில் 26 டிகிரியைத் தாண்டினால் பாண்டாக்களை ஏசி அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு தெரிந்தது. இந்தப் பக்கம் நூறு செல்போன்கள்.

மறுநாள் மூன்றாம் நம்பர் மெட்ரோவில் சில்லறைக் காசுக்குப் போய், பாண்டா அவென்யூ நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தேன். ஏழரைக்கே வாசலில் நின்றேன். கிடைத்தது பாருங்கள் காட்சி!

பத்தடி தூரத்தில் ஒரு பாண்டா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மூங்கில் இலைகளைக் கடித்துக் கடித்து வாயோரம் சேர்த்தது. கத்தை ஆனதும் கையில் எடுத்துச் சுருட்டு போலப் பிடித்துக் கடித்தது. அப்படிப் பிடிக்க உதவுவது ஆறாவது விரல் மாதிரி நீண்டிருக்கும் ஒரு மணிக்கட்டு எலும்பு. பக்கத்திலேயே பச்சைச் சாணி உருண்டைகள், நார் நாராக. மூங்கில் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்திருக்கிறது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. வயிறு கரடியின் வயிறு, இறைச்சிக்கு ஏற்றது. தின்னுவதோ மூங்கில். அதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்றாக வேண்டும். கொழுப்பு சேராததால் மற்ற கரடிகள் போலக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவும் வழியில்லை. சோம்பேறி என்கிறார்கள். வரவு குறைவு, செலவைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். என் பர்ஸைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

மரக்கிளையில் ஒரு வயதுக் குட்டி ஒன்று துணி காயப்போட்டது போலத் தொங்கித் தூங்கியது. பிறக்கும்போது பாண்டா சுமார் 100 கிராம், தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. தாய்க்கோ கருத்தரிக்க வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான்.

ஹுவா ஹுவா என்ற நட்சத்திரப் பாண்டாவுக்கு நீண்ட வரிசை நிற்கிறது. தயவுசெய்து நிற்காதீர்கள். சில நிமிட தரிசனத்துக்குள் நகரச் சொல்லிவிடுவார்கள். காட்டில் பார்த்துவிடலாம் என்ற கனவும் வேண்டாம். 2015இல் வெளியான கணக்குப்படி சீனக் காடுகள் முழுக்கவே 1,864தான்.

மதியம் ஒரு சின்னக் கடையில் மிளகாய் போட்டு வதக்கிய மூங்கில் குருத்து சாப்பிட்டேன். சிச்சுவான் மிளகில் நாக்கு மரத்துப்போனது, ஆனாலும் தட்டை வழித்தேன். 28 யுவான். அந்த டாக்ஸி காசுக்கு ஐந்து தட்டு சாப்பிட்டிருக்கலாம்.